ஒரு கன அடி மரம், பத்துத் தையல் கவ்விகள்

40 அங்குல நீளமுள்ள தோல் பெல்ட் ஒன்றின் இரண்டு ஓரங்களையும் கையால் தைப்பதாக வைத்துக்கொள்வோம். தையல் ஓடும் நீளம் 80 அங்குலம், அதாவது 2,032 மில்லிமீட்டர். தையலுக்குத் தையல் 4 மில்லிமீட்டர் விட்டால் 508 தையல்கள். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் ஊசியைச் செலுத்தும் சேணத் தையல் இது. ஆகவே ஊசி தோலைக் கடப்பது 1,016 முறை.

இயந்திரத் தையலில் மேல்நூலும் அடிநூலும் தனித்தனி. ஒன்று தேய்ந்து அறுந்தால் அடுத்தடுத்த பிணைப்புகளும் தளரும். சேணத் தையலில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் அதே துளைகளின் வழியே போகும் மறுபாதி தோலைத் தாங்கி நிற்கும். கைத்தையலுக்குக் கூடுதல் விலை கேட்க நியாயம் இதில்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு இரண்டு கைகளும் ஊசிக்கே வேண்டும். தோலைப் பிடிக்கக் கை மிஞ்சுவதில்லை. முழங்கால்களும் பாதங்களும்தான் பிடிக்கின்றன. குனிந்த முதுகு அதற்கு ஈடு கொடுக்கிறது.

அந்த வேலையை ஒரு மரக் கவ்வியிடம் ஒப்படைத்தால் என்ன செலவாகும், என்ன மிச்சமாகும்? புனேயில் மரம் வாங்கி, புனேயிலேயே செய்யும் ஒரு கவ்விக்கான கணக்கு இது. அளவுகள் எங்கும் மாறாதவை. விலைகளும் கூலியும் கணக்கு நடத்துவதற்காக நான் வைத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர் விலையைப் போட்டு மறுபடி பெருக்கிக்கொள்ளலாம்.

மரக் கணக்கு

கவ்விக்கு ஐந்து துண்டுகள் போதும். எல்லாம் முக்கால் அங்குலத் தடிப்பு.

அடிப்பலகை: 18 × 4 அங்குலம், 1 துண்டு – 54 கன அங்குலம்
நிற்கும் பலகைகள்: 14 × 3 அங்குலம், 2 துண்டுகள் – 63 கன அங்குலம்
தாங்குகட்டைகள்: 4 × 2 அங்குலம், 2 துண்டுகள் – 12 கன அங்குலம்
மொத்தம் – 129 கன அங்குலம்

ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம். 129 என்பது அதில் 0.075 பங்கு. ரம்பம் தின்பதற்கும் இழைப்புக்கும் முடிச்சு விழுந்த இடத்தை ஒதுக்குவதற்கும் கால் பங்கு கூட்டினால் 161 கன அங்குலம், அதாவது 0.093 கன அடி. கைக்கணக்காக ஒரு கவ்விக்கு 0.1 கன அடி என்று கொள்ளலாம். ஒரு கன அடியில் பத்துக் கவ்விகள் தாராளமாக வரும். பைன் மரத்தில் செய்தால் கவ்வியின் எடை சுமார் 1 கிலோ.

புனேயில் மரம் வாங்க பவானி பேட்டையில் உள்ள டிம்பர் மார்க்கெட் இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. பிம்பிரி–சிஞ்ச்வட், சாக்கன் பகுதித் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களும் உதிரிபாகங்களும் மரப்பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் வந்து இறங்குகின்றன. பிரித்த பெட்டிப் பலகை பழைய மரமாக விலைக்குக் கிடைக்கும். அதில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு வரும் பெட்டி மரத்தில் பூச்சிநீக்க முத்திரை இருக்கும். எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை காட்டியது. நாள் முழுதும் தொடையை ஒட்டி நிற்கப்போகும் பொருளுக்கு எச்.டி. மரத்தை மட்டுமே எடுக்க வேண்டும்.

புதுப் பைன் கன அடி 900 ரூபாய் என்றால் கவ்விக்கு 90 ரூபாய். பழைய பெட்டிப் பலகை பாதி விலைக்குக் கிடைத்தால் 45. தேக்கு கன அடி 4,000 என்றால் 400. வேலைக்குத் தேக்கு தேவையில்லை. கவ்வி தாங்கும் பாரம் குறைவு. ஈரம் வற்றிய, நேரான இழையுள்ள பைன் போதும். ஈர மரத்தில் செய்தால் மழைக்காலம் முடிந்து காயும்போது பலகை முறுக்கிக்கொள்ளும், தாடைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

இரும்பும் நெம்பும்

நிற்கும் பலகைகளில் ஒன்று அடிப்பலகையோடு பசையும் திருகாணியும் போட்டு அசையாமல் நிற்கும். அதன் பின்புறத்தை இரண்டு தாங்குகட்டைகள் அணைத்துக்கொள்ளும். மற்றது அடியில் ஒரு 2½ அங்குலக் கீலில் ஆடும். இரண்டையும் ஊடுருவி 6 மில்லிமீட்டர் போல்ட், 75 மில்லிமீட்டர் நீளம். முனையில் விங் நட்டு, இருபுறமும் வாஷர். ஆடும் பலகையில் மட்டும் துளை 8 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை சாயும்போது போல்ட் சிக்கும். இவை எல்லாம் ரவிவார் பேட்டையின் போஹ்ரி ஆளி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

போல்ட்டை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் இந்தக் கவ்வியின் சூட்சுமம். கீலிலிருந்து தாடை 13 அங்குல உயரத்தில் இருக்கிறது. போல்ட்டை 8 அங்குலத்தில் வைத்தால், அதன் இறுக்கத்தில் 13-க்கு 8 பங்கு, அதாவது 62 விழுக்காடு தாடைக்குப் போகும். தாடைக்கும் போல்ட்டுக்கும் நடுவே 5 அங்குல ஆழம் கிடைக்கும். 10 அங்குலத்தில் வைத்தால் இறுக்கம் 77 விழுக்காடாக உயரும், ஆழமோ 3 அங்குலமாகச் சுருங்கும். பெல்ட்டும் வாரும் மட்டும் தைப்பவருக்கு 10 அங்குலம் நல்லது. பர்ஸ், பை தைப்பவருக்கு 8 அங்குலம் வேண்டும். இரண்டும் செய்பவர் இரண்டு துளைகள் போட்டு வைத்துக்கொள்ளலாம், செலவு ஏறாது.

தாடையின் உள்முகத்தில் 3 × 1½ அங்குலத்தில் இரண்டு மென்தோல் துண்டுகள் ஒட்ட வேண்டும். மொத்தம் 9 சதுர அங்குலம், ஒரு சதுர அடியில் பதினாறில் ஒரு பங்கு. வெட்டிக் கழித்த தோலே போதும். இது இல்லாமல் இறுக்கினால் மரத்தின் தடம் சரக்கில் விழும். ஒட்டிய தோல் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர், நடுவே பெல்ட் 4 மில்லிமீட்டர், ஆக மொத்தம் 8. எனவே இரு பலகைகளுக்கும் இடையே அடியில் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டரை ஒட்டி விட்டால், தாடைகள் கிட்டத்தட்ட இணையாக நின்று தோலைச் சமமாகப் பிடிக்கும். மேல்முனையை வெளிப்புறமாகச் சாய்த்துச் சீவி விட்டால் ஊசி பிடித்த விரல் மரத்தில் இடிக்காது.

செலவுப் பட்டியல்

ஒரே ஒரு கவ்வி செய்தால்:

பைன் மரம், 0.1 கன அடி – 90 ரூபாய்
போல்ட், விங் நட்டு, 2 வாஷர் – 25 ரூபாய்
கீலும் அதன் ஆணிகளும் – 40 ரூபாய்
1½ அங்குலத் திருகாணி, 6 – 12 ரூபாய்
பசை, உப்புத்தாள், எண்ணெய்ப் பூச்சு – 30 ரூபாய்
பொருள் மொத்தம் – 197 ரூபாய்
தச்சர் கூலி, மணிக்கு 120 வீதம் 3 மணி நேரம் – 360 ரூபாய்
ஆக – 557 ரூபாய்

பத்துக் கவ்விகளை ஒரே மூச்சில் செய்தால் பொருள் செலவு அப்படியே இருந்தாலும் கூலி இறங்கும். ஒரே அளவுக்கு ஒரே தடவையில் அறுப்பதும், ஒரு துளைக்குக் குறி வைத்துப் பத்துக்கும் அதையே பயன்படுத்துவதும் நேரத்தைக் குறைக்கும். பத்துக்கும் சேர்த்து 12 மணி நேரம் என்றால் ஒன்றுக்குக் கூலி 144 ரூபாய், விலை 341 ரூபாய். பத்துக்கும் 3,410 ரூபாய்.

பெல்ட்டுக்குள் இருக்கும் செலவு

இப்போது மீண்டும் பெல்ட்டுக்கு வருவோம். ஒவ்வொரு தையலிலும் இரு பக்க நூலும் ஒரு தையல் நீளம் நகர்ந்து, தோலின் தடிப்பை ஒருமுறை கடக்கின்றன. எனவே ஒரு தையலுக்கு நூல், தையல் நீளத்தையும் தடிப்பையும் கூட்டி இரட்டிப்பது. தையல் 4, தடிப்பு 4 என்றால் 16 மில்லிமீட்டர். 508 தையலுக்கு 8.13 மீட்டர், தையல் நீளத்தைப் போல் நான்கு மடங்கு. ஊசி முனைகளுக்கும் முடிப்புக்கும் சேர்த்து 8.5 மீட்டர். மெழுகிட்ட நூல் மீட்டர் ஒன்றரை ரூபாய் என்றால் 12 ரூபாய் 75 காசு.

தோல்: 40 × 1½ அங்குலம், இரண்டு அடுக்கு, 120 சதுர அங்குலம். கழிவு சேர்த்து 1 சதுர அடி. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சதுர அடி 120 ரூபாய் என்று கொள்வோம். திருச்சி, திண்டுக்கல் பக்கத்துப் பதனிடும் பட்டறைகள் தரும் ஈஸ்ட் இந்தியா தோலும் இந்த வகைதான். அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. பழைய முறையில் ஆவாரம்பட்டையே அதற்குப் பதமூட்டியது.

நேரம்: கவ்வி இல்லாமல் தையலுக்கு 20 நொடி என்றால் 508-க்கு 10,160 நொடி, 2 மணி 49 நிமிடம். தைப்பவரின் மணிக்கூலி 75 ரூபாய் என்றால் 211 ரூபாய் 67 காசு.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நூல் 13, தோல் 120, கை 212. கைத்தையல் சரக்கில் விலை உயர்ந்த மூலப்பொருள் தைப்பவரின் நேரம். தோலில் ஓர் அங்குலம் வீணானால் பதறுகிறோம், நூலை அளந்து வெட்டுகிறோம். ஆனால் கை நேரத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி ஒதுக்குவதே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் சமூகத்தாரின் உழைப்புக்குக் காலங்காலமாக விலை வைக்காமல் விட்ட வழக்கத்தின் மிச்சம் இது என்றே நான் நினைக்கிறேன்.

எப்போது முதல் திரும்பும்?

கவ்வி தோலைப் பிடித்துக்கொள்வதால் ஒவ்வொரு துளைக்கும் சரக்கை நகர்த்தி, மறுபடி காலிடுக்கில் இறுக்கும் நேரம் மிச்சமாகிறது. அது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு நிலைகளுக்குக் கணக்குப் போடலாம்.

தையலுக்கு 5 நொடி மிச்சமானால்: பெல்ட்டுக்கு 42 நிமிடம், 53 ரூபாய். 341 ரூபாய்க் கவ்வியின் விலை 7-வது பெல்ட்டில் திரும்பிவிடும். 557 ரூபாய்க் கவ்வி 11-வது பெல்ட்டில்.

2 நொடி மட்டுமே மிச்சமானால்: பெல்ட்டுக்கு 17 நிமிடம், 21 ரூபாய். 341 ரூபாய் 17-வது பெல்ட்டில் திரும்பும். 557 ரூபாய் 27-வதில்.

மிகக் கஞ்சத்தனமாகக் கணித்தாலும் முப்பது பெல்ட்டுக்குள் முதல் வந்துவிடுகிறது. போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, தாடைத் தோலைத் தேயும்போது மாற்றினால் கவ்வி பல ஆண்டுகள் உழைக்கும்.

பணத்தில் எழுத முடியாத வரவும் உண்டு. அடிப்பலகையின் மேல் தொடையை வைத்து உட்கார்ந்தால் தாடை இருக்கையிலிருந்து 14¾ அங்குல உயரத்தில் நிற்கும். தையல் கண்ணுக்கு அருகே ஏறி வருவதால் கழுத்து தாழ வேண்டியதில்லை. உயரம் குறைந்தவர்கள் நிற்கும் பலகைகளை 2 அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். தோல் அசையாமல் நிற்பதால் இரு கைகளும் ஒரே அளவு விசையில் நூலை இழுக்க முடிகிறது. தையலின் சாய்வும் இறுக்கமும் வரிசை தவறாமல் வருகின்றன. விலை பேசும்போது வாங்குபவர் விரல் வைத்துப் பார்ப்பது அந்த வரிசையைத்தான்.

15,000-இல் 341

இந்தக் கருவியை யார் கொடுப்பது? மகாராஷ்டிரத்தில் தோல் தொழிலுக்கென்றே 1974-இல் தொடங்கிய சந்த் ரோகிதாஸ் தோல் தொழில் மற்றும் சர்மகார் வளர்ச்சிக் கழகம் இருக்கிறது. கோலாப்பூரி செருப்புக்கான புவிசார் குறியீட்டைக் கர்நாடகத்தின் லிட்கர் கழகத்தோடு சேர்ந்து பெற்றது அதுதான். அந்தக் குறியீடு இரு மாநிலங்களிலும் நான்கு நான்காக எட்டு மாவட்டங்களைத் தழுவியது. அவற்றில் சாத்தாராவும் சோலாப்பூரும் புனே மாவட்டத்தை ஒட்டியவை. சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு மாநில அரசு தகர ஸ்டால் தரும் திட்டமும் உண்டு. அந்தச் சிறிய ஸ்டாலுக்குள் 18 அங்குல அடிப்பலகை இடத்தை அடைக்காது.

மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. அது ஏற்றுக்கொண்ட 18 தொழில்களில் செருப்புத் தொழிலும் ஒன்று. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாட்கள், 40 மணி நேரம். நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை மின்-ரசீது. முதல் தவணையாக 1 லட்சம், அடுத்து 2 லட்சம் வரை 5 விழுக்காடு வட்டியில் கடன்.

15,000-இல் 341 ரூபாய் என்பது 2.3 விழுக்காடு. பத்துப் பேர் கொண்ட ஒரு பயிற்சி வகுப்புக்குக் கருவித் தொகை 1,50,000 ரூபாய். அந்த வகுப்பு முழுமைக்கும் கவ்விகள் 3,410 ரூபாய். ஒரு கன அடி மரமும் ஒரு தச்சரின் ஒன்றரை நாள் உழைப்பும் இருந்தால் பத்துக் கவ்விகளும் தயார். பயிற்சியின் முதல் பாடமே இதுவாக இருக்கட்டும். தச்சர் அறுத்துக் கொடுத்த துண்டுகளைத் தொழிலாளர்களே பூட்டி, தம் உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்து, தாடைக்குத் தோல் ஒட்டினால், பழுது வந்தாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கூடவே ஒரு நோட்டும் தர வேண்டும். அதில் தோலுக்கு ஒரு பத்தி, நூலுக்கு ஒரு பத்தி, கை நேரத்துக்கு ஒரு பத்தி. 508 தையல் போட்டவர் தன் 2 மணி 49 நிமிடத்தை விலையில் எழுதிக் கேட்கப் பழக வேண்டும். கவ்வி வந்தபின் அந்த நேரம் 2 மணி 7 நிமிடமாகக் குறையும்போது, மிச்சமான 42 நிமிடமும் அவருடைய வரவில் ஏற வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லி அதை யாரும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.