கான் வெட்டத் தெரிந்த கட்டடக்கலை

பிளேன்டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இன்னொன்று ஊற்றிக்கொள்ளுங்கள்.

கட்டடக் கலைஞர் என்றதும் கொழும்பில் கண்ணாடி மாடி எழுப்புகிறவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் இலங்கையில் அந்தத் தொழிலின் பெரிய பெயரான ஜெஃப்ரி பாவா நம் ஊவாவிலும் கட்டியிருக்கிறார். பண்டாரவளை நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம் 1961-62இல் அவரும், டென்மார்க்கிலிருந்து வந்து அவரோடு வேலை செய்த உல்ரிக் பிளெஸ்னரும் அமைத்தது. மலைநாட்டுக் கல்லைக் கரடுமுரடாகவே அடுக்கிய சுவர். பூச்சு எதுவும் கிடையாது.

பாவாவுக்கு 2001இல் ஆகா கான் விருது கொடுத்தார்கள், வாழ்நாள் பணிக்காக. எதைப் பார்த்து என்று கேட்டால் நான் தம்புள்ளைப் பக்கம் 1994இல் திறந்த கந்தளம ஹோட்டலைத்தான் காட்டுவேன். மலைப் பாறையை ஒட்டி நீளமாகப் போகிற கட்டடம். அதைத் தரையில் உட்கார வைக்காமல் தூண்களில் தூக்கி நிறுத்தினார். பாறையில் விழுகிற மழை அடியால் ஓடிக் கீழே குளத்துக்குப் போய்விடும். மலையோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை.

இதை ஏன் ஊவாவில் உட்கார்ந்து பேசுகிறேன்? கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துத்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில், பல நாள் மழை ஊறிய மலைச்சரிவு, தொழிலாளர் குடியிருந்த லயங்களின் மேல் இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. போய் இருக்க வேறு இடம்தான் இருக்கவில்லை.

தேயிலை மலையில் வேலை செய்த எவருக்கும் கான் வெட்டுத் தெரியும். சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வோடு வெட்டுவார்கள். தண்ணீர் வேகம் குறைந்து பக்கமாய் நடந்து போகும், மண் தங்கும். தேயிலைக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில் பாதிகூட, அதே கான்களை வெட்டியவர்களின் லயங்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். ஒரு காம்பரா, மேலே தகரம், ஒட்டினாற்போல் அடுத்த குடும்பத்தின் சுவர். ஆட்களை நிறுத்திவைக்கப் போட்ட கணக்கு அது, குடியிருப்புக்குப் போட்டதில்லை.

லயங்களுக்குப் பதிலாகத் தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக மீதி நிலத்துக்கு என்ன வழி? இங்கேதான் பால்கிருஷ்ண தோஷி உதவிக்கு வருகிறார். பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் அவர், 2018இல். ஏழைக் குடும்பங்களுக்காக இந்தூரில் அவர் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் முழு வீட்டைக் கட்டிக் கையில் கொடுக்கவில்லை. அத்திவாரம், கழிவறை, தண்ணீர், வடிகால் — தனி ஆளால் செய்துகொள்ள முடியாததை முதலில் போட்டுக் கொடுத்தார்கள். சுவரும் அறையும் கையில் காசு சேரச் சேர அவரவர் எழுப்பிக்கொண்டது. சிலி நாட்டு அலெஹாண்ட்ரோ அரவேனாவும் இக்கிக்கேயில் அதே வழியில் போனவர்: பாதி வீட்டை உறுதியாகக் கட்டி, மறுபாதிக்கு இடம் விட்டார். அவருக்கு 2016இல் அதே பிரிட்ஸ்கர்.

நம் ஆட்களுக்கு இது புதிதா? லயத்து முன்னால் இஸ்தோப்பை மறைத்து ஒரு அறை, பின்னால் தகரம் இறக்கி ஒரு குசினி. யாரும் படம் போட்டுக் கொடுக்காமலே இரண்டு தலைமுறை செய்து பார்த்த வேலைதான். குறை எங்கே என்றால், அப்படிச் சேர்த்ததன் பாரமும் கூரைத் தண்ணீரும் எங்கே போகும் என்று யாரும் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. மகனுக்குக் கல்யாணமானால் இரண்டாவது அறை எந்தப் பக்கம் ஏறலாம், எந்தப் பக்கம் மண்ணை வெட்டவே கூடாது என்பதை வீட்டுப் படத்திலேயே கோடு போட்டுக் காட்டிவிட்டால், ஒரு குடும்பம் முப்பது வருடத்துக்கு நிம்மதியாக இருக்கும்.

அதற்குப் படம் போடுகிறவர் கொழுந்தெடுக்கிற ஒரு அம்மாவோடு அரை மணி நேரம் உட்கார வேண்டும். மழையில் நனைந்த படங்கை எங்கே தொங்கவிடுகிறீர்கள், விறகு எங்கே காய்கிறது, அடை மழைக்கு வாசலில் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு அளவுநாடாவை விரிக்கட்டும்.