எக்செல் எரர் காட்டுதா? கவலை வேண்டாம்... காட்டலைன்னாதான் கவனிக்கணும்!

மாதக் கடைசி. ரிப்போர்ட் அனுப்ப இன்னும் பத்து நிமிஷம்தான். அப்போதுதான் எக்செல் ஷீட்டில் '#என்/ஏ' வரிசைகட்டி நிற்கும். பலரும் அவசரத்தில் செய்வது, ஃபார்முலாவைச் சுற்றி 'இஃப்எரர்' போட்டு, எரர் வந்த இடத்தில் பூஜ்யம் காட்ட வைப்பது. ஷீட் பளிச்னு ஆகிவிடும். கணக்கு?

தேடியது கிடைக்கவில்லை என்பதுதான் '#என்/ஏ'. வி-லுக்அப்பில் இதற்கான காரணம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஒரு ஸ்பேஸாக இருக்கும். அல்லது எம்ப்ளாயி ஐடி ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் டெக்ஸ்ட்டாகவும் இருக்கும். ஸ்பேஸை 'டிரிம்' சரிசெய்யும். (வெப்சைட்டிலிருந்து காப்பி செய்த டேட்டாவில் வரும் ஒருவகை ஸ்பேஸ் மட்டும் டிரிமுக்கும் அடங்காது.)

'#ரெஃப்!' வந்தால், ஃபார்முலா நம்பியிருந்த செல்லை யாரோ டெலீட் செய்துவிட்டார்கள். உடனே கன்ட்ரோல் இசட். '#####' பெரும்பாலும் எரரே இல்லை, செல்லின் அகலம் போதவில்லை, அவ்வளவுதான்.

'#வேல்யூ!' கதை வேறு. ஒரு செல்லில் 500 என்பதற்குப் பதில் '500 ரூபாய்' என்று டைப் செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பிளஸ் குறி போட்டுக் கூட்டினால் எக்செல் இந்த எரரைக் காட்டும். அதே செல்களை 'சம்' போட்டுக் கூட்டினால்? அந்த 500-ஐ சத்தமில்லாமல் விட்டுவிட்டு, மீதிக்கு மட்டும் டோட்டல் தரும். இதுதான் ஆபத்து.

இப்படி எரர் காட்டாத ஒரு தவறு, உலகப் பொருளாதார விவாதத்துக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. பொருளாதார நிபுணர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு அது வசதியான ஆதாரமானது.

2013-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், அவர்களிடமே ஷீட்டை வாங்கிப் பார்த்தார். 30 முதல் 49-வது வரிசை வரை போக வேண்டிய ஆவரேஜ் ஃபார்முலா, 44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் அவுட். எல்லாவற்றையும் திருத்தியபோது அவரும் பேராசிரியர்களும் கண்ட எண், 2.2 சதவீதம். இந்த வித்தியாசத்தில் ஃபார்முலாவின் பங்கு சிறியது. விடுபட்ட சில ஆண்டுகளின் டேட்டாவும் சராசரி எடுத்த முறையுமே பெரிய காரணங்கள். ஃபார்முலா தவறை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆய்வின் மையக் கருத்து மாறாது என்றும் சொன்னார்கள்.

கம்ப்யூட்டரில் டோட்டல் செல்லை டபுள் கிளிக் செய்தால், ஃபார்முலா எடுத்துக்கொள்ளும் செல்களைச் சுற்றி கலர் கட்டம் தெரியும். அது கடைசி வரிசை வரை போகிறதா என்று பார்க்க ஐந்து விநாடி போதும். உள்ளே ஏதாவது எண் இடதுபக்கம் ஒட்டி நின்றால், அது டெக்ஸ்ட்டாக இருக்கலாம். அதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை அனுப்புங்கள்.