கடலைத் தாண்டிய ஆட்டம் சுவரைத் தாண்டவில்லை!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. லண்டனில் ஒரு சிறுமி. நியூயார்க்கில் ஒரு சிறுவன். இருவருக்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடல், தூரம் சுமார் 5,570 கிலோமீட்டர். இருவரும் தத்தம் வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, கன்சோல் என்னும் விளையாட்டுப் பெட்டியில் ஒரே சண்டை விளையாட்டை ஆடுகிறார்கள். சிறுமி பொத்தானை அழுத்துகிறாள். அவள் அழுத்தினாள் என்ற செய்தி நியூயார்க்குக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

செய்தி ஒளியாக மாறிக் கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழை வழியே போகிறது. வெற்றிடத்தில் விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். 5,570-ஐ 2,00,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 0.028 விநாடி, அதாவது 28 மில்லி விநாடி வருகிறது. போய்த் திரும்ப 56. இது இயற்கை விதித்த எல்லை. எவ்வளவு பணம் செலவழித்தாலும் இதைக் குறைக்க முடியாது. இழைகள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல கருவிகள் செய்தியை வாங்கி அனுப்புகின்றன. ஆகவே நடைமுறையில் போய்வர 70 மில்லி விநாடிபோல ஆகிவிடும்.

“கண் இமைக்கும் நேரம்கூட இல்லையே, இதில் என்ன வந்தது?” என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தப் பெட்டிகள் விநாடிக்கு 60 படங்கள் வரைகின்றன. ஒரு படத்திற்கு 16.7 மில்லி விநாடி. 70 மில்லி விநாடிக்குள் நான்கு படங்கள் ஓடிவிடும்! சண்டை விளையாட்டில் ஒரு குத்து பட்டதா, தப்பியதா என்பது சில படங்களுக்குள் முடிந்துபோகிற விஷயம். அப்படியானால் யார் முதலில் குத்தியது? லண்டன் பெட்டி ஒன்று சொல்லும், நியூயார்க் பெட்டி வேறொன்று சொல்லும்.

இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது மிகச் சுவையான கதை. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சண்டை விளையாட்டில் இரண்டு பெட்டிகளும் படங்களை அனுப்பிக்கொள்வதில்லை. அஞ்சலட்டையில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் பலகையையா அனுப்புகிறார்கள்? எந்தக் காய் எந்தக் கட்டத்திற்குப் போனது என்று எழுதினால் போதும். இருவரும் தத்தம் பலகையில் நகர்த்திக்கொள்கிறார்கள். அதுபோல இங்கே அழுத்திய பொத்தான் எது என்ற செய்தி மட்டும் போகிறது. இரு பெட்டிகளிலும் ஒரே நிரல். ஒரே பொத்தான்கள் அழுத்தப்பட்டால் ஒரே விளைவு.

பழைய முறை என்ன தெரியுமா? எதிராளியின் பொத்தான் செய்தி வரும் வரை காத்திருந்து, பிறகு அடுத்த படத்தை வரைவது. நேர்மையான முறைதான். ஆனால் நீங்கள் அழுத்திய பிறகு உங்கள் வீரனே சற்றுத் தயங்கித்தான் கையை ஓங்குவான். சேற்றில் நடப்பதுபோல் இருக்கும்.

2006-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற புகழ்பெற்ற சண்டை விளையாட்டு எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியில் தொலைதூர ஆட்டத்துடன் வெளிவந்தது. அதன் தயக்கம் டோனி கேனன் என்ற அமெரிக்க நிரலாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் அந்த ஆண்டே ஜி.ஜி.பி.ஓ. என்ற மென்பொருளை எழுதினார். அதன் தந்திரம் இதுதான்: காத்திருக்காதே, ஊகித்துக்கொள்! எதிராளி முந்தைய படத்தில் எந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாரோ, அதையேதான் இப்போதும் அழுத்துகிறார் என்று வைத்துக்கொண்டு பெட்டி படத்தை வரைந்துவிடுகிறது. உண்மைச் செய்தி பின்னால் வந்து சேரும். ஊகம் சரியென்றால் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. தவறென்றால், பெட்டி சில படங்கள் பின்னால் போய், சரியான பொத்தானை வைத்து அத்தனையையும் மறுபடி கணக்கிட்டு, நிகழ்காலத்திற்கு ஓடி வந்துவிடும். இவ்வளவும் ஒரே படத்தின் நேரமான 16.7 மில்லி விநாடிக்குள்!

இந்த ஊகம் எப்படிப் பெரும்பாலும் பலிக்கிறது? மனிதக் கை எவ்வளவு விரைவானதாயினும் விநாடிக்குச் சில முறைதான் பொத்தானை மாற்ற முடியும், படங்களோ அறுபது. ஆகவே பெரும்பாலான படங்களில் “முன்போலவே” என்பதுதான் சரியான விடை. ஊகம் தவறும்போது எதிராளியின் வீரன் இலேசாகத் துள்ளுவதுபோல் தெரியும், அவ்வளவுதான். ஒளியின் வேகத்தை வெல்ல முடியாது. ஆனால் அந்தத் தாமதத்தை ஆடுபவர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க முடிந்தது.

கடலின் கதை இது. இனி, லண்டன் சிறுமியிடம் ஒரு கம்பெனியின் பெட்டியும் நியூயார்க் சிறுவனிடம் வேறொரு கம்பெனியின் பெட்டியும் இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அது 56 மில்லி விநாடியில் தீராத தகராறு. பல ஆண்டுகள் எடுத்தது.

ஆரம்பத்தில் அந்தத் தகராறே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஜப்பானின் சேகா கம்பெனி 1998-இல் டிரீம்காஸ்ட் என்ற பெட்டியை வெளியிட்டது. தொலைபேசிக் கம்பியில் இணைக்கும் மோடம் அதனுடனேயே வந்தது. 2000 டிசம்பரில் அதற்கு வந்த ஃபேண்டஸி ஸ்டார் ஆன்லைன் என்ற விளையாட்டில் நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து ஆடலாம். நால்வரும் நான்கு நாட்டவராக இருந்தால் பேசுவது எப்படி? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஆயத்தமாக உள்ள சொற்களைப் பொறுக்கி வாக்கியம் அமைத்தால், ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய ஐந்தில் எதிராளிக்குரிய மொழியில் அது தோன்றும். அதே 2000-இல் டிரீம்காஸ்டுக்கு வந்த க்வேக் 3 அரீனாவில், பெட்டி வைத்திருப்பவர்கள் கணிப்பொறி வைத்திருப்பவர்களோடு மோத முடிந்தது. ஆனால் பெட்டி விலைபோகவில்லை. 2001-இல் சேகா அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

2002-இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகள் களத்தில் இறங்கின. சோனி தன் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு இணைப்புக் கருவியைத் தனியாக விற்றது. ஆட்டம் நடத்தும் பொறுப்பை அந்தந்த விளையாட்டைத் தயாரித்தவர்களிடமே விட்டுவிட்டது. விளையாட்டுக்கு விளையாட்டு வேறு சர்வர், வேறு ஏற்பாடு. மைக்ரோசாஃப்ட் நவம்பர் 15 அன்று தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் வேறு வகை. எல்லா விளையாட்டுக்கும் ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல், பேசுவதற்குத் தலையில் மாட்டும் ஒலிவாங்கி. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 டாலர் சந்தா. தொலைபேசி மோடமே கிடையாது, அகலப்பட்டை இணைப்பு மட்டும்தான். அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகள் பலவற்றில் அகலப்பட்டை இல்லை; துணிச்சலான முடிவுதான். நண்பர் பட்டியல் என்பது சாதாரணமாகத் தோன்றினாலும், அன்றைய போட்டியில் அதுவே பெரிய ஆயுதம் என்பேன். நண்பன் எந்தப் பெட்டியில் இருக்கிறானோ அந்தப் பெட்டியைத்தானே நீங்களும் வாங்கித் தரச் சொல்வீர்கள்?

நின்டெண்டோ கம்பெனியின் போக்கே தனி. 2005-இல் அது மாரியோ கார்ட் டி.எஸ். விளையாட்டோடு ஒரு சேவையைத் தொடங்கியது. இதில் கட்டணம் இல்லை. ஆனால் ஒருவரை நண்பராகச் சேர்க்க 12 இலக்க எண் ஒன்று வேண்டும். நீங்கள் அவர் எண்ணையும் அவர் உங்கள் எண்ணையும் பதிந்தால்தான் சேரலாம். அடுத்த விளையாட்டுக்கு அடுத்த எண்! வாய்பாட்டை மனப்பாடம் செய்வதே பெரும்பாடு, இதில் இது வேறு என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் காரணம் இருந்தது. இதை ஆடியவர்களில் சிறுவர்கள் மிகுதி. 12 இலக்கங்களில் ஒரு லட்சம் கோடி எண்கள் எழுதலாம். முன்பின் தெரியாதவர் ஊகித்து நுழைய முடியாது. நேரில் தெரிந்தவரிடமிருந்துதான் எண் வரும். வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்கினார்கள். முழுவதும் தவறென்று சொல்லமாட்டேன்.

சரி, இந்த நண்பர் பட்டியல் எங்கே இருக்கிறது? உங்கள் பெட்டிக்குள் என்று நினைத்தால் தவறு. அது கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. உங்கள் பெட்டி “நான் வந்துவிட்டேன்” என்று சர்வரிடம் சொல்கிறது. சர்வர் அதை உங்கள் நண்பர்களின் பெட்டிகளுக்குச் சொல்கிறது. சர்வரை நிறுத்தினால்?

2010 ஏப்ரல் 15 அன்று இதற்கு விடை கிடைத்தது. சேவையில் செய்ய வேண்டிய மாற்றங்கள் பழைய பெட்டியின் ஆட்டங்களோடு ஒத்துப்போகா என்று சொல்லி, முதல் எக்ஸ்பாக்ஸுக்கான சேவையை மைக்ரோசாஃப்ட் மூடியது. 2004 முதல் ஹேலோ 2 ஆடிவந்தவர்கள் சிலர் அன்று தங்கள் பெட்டிகளை அணைக்கவே இல்லை. ஏனென்றால் அந்த விளையாட்டில் சர்வரின் வேலை ஆட்களைச் சேர்த்துவைப்பது மட்டும். ஆட்டத்தை நடத்துவது ஆடுபவர்களில் ஒருவரது பெட்டியே. கல்யாணத் தரகர் போய்விட்டாலும் கல்யாணம் நிற்காதல்லவா? ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்கள் நாள்கணக்கில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் வெளியேறியவர் திரும்ப வர முடியாது. இணைப்பு அறுந்தும் பெட்டி சூடேறியும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். மே மாதத்தில் கடைசி ஆளும் வெளியே தள்ளப்பட்டார்.

அடுத்த ஆண்டே வேறு வகைச் சோதனை வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கள்ளத்தனமாக யாரோ நுழைந்துவிட்டதால், 2011 ஏப்ரல் 20 அன்று கம்பெனியே அதை நிறுத்தியது. சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் பெயர், முகவரி, பிறந்த தேதி போன்ற விவரங்கள் ஆபத்துக்கு உள்ளாயின. சேவை திரும்பத் தொடங்க மூன்று வாரங்களுக்கு மேல் ஆனது. விளையாட்டுக்குத்தானே என்று உண்மையான பிறந்த தேதியை எங்கும் தட்டி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனி சுவருக்கு வருவோம். வெவ்வேறு பெட்டிகளைச் சேர்ப்பது தொழில்நுட்பத்தால் முடியாததா? இல்லவே இல்லை. ஃபைனல் ஃபேண்டஸி 11 என்ற ஜப்பானிய விளையாட்டில் 2006 முதல் 2016 வரை சோனியின் பிளேஸ்டேஷன் 2, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, கணிப்பொறி மூன்றையும் வைத்திருந்தவர்கள் ஒரே உலகில் ஒன்றாகத் திரிந்தார்கள். இணையத்தில் போகும் பொத்தான் செய்திக்குத் தான் எந்தப் பெட்டியில் பிறந்தோம் என்பது தெரியாது.

2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் கதவைத் திறக்கத் தயார் என்றது. கார்களைக் கொண்டு பந்தாடும் ராக்கெட் லீக் விளையாட்டைச் செய்தவர்களும் தயார். சோனி மட்டும் அசையவில்லை. அப்போது விற்பனையில் முன்னணியில் இருந்தது அதன் பிளேஸ்டேஷன் 4. வீட்டில் கூட்டம் நிறைந்திருக்கும்போது வாசலைத் திறந்துவைக்க எந்தக் கடைக்காரருக்கு மனம் வரும்?

2017 செப்டம்பரில் ஒரு விந்தை நடந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டில் சிறிது நேரம் பிளேஸ்டேஷன்காரர்களும் எக்ஸ்பாக்ஸ்காரர்களும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள்! அமைப்பில் நேர்ந்த பிழை என்று சொல்லி எபிக் கேம்ஸ் உடனே சரிசெய்துவிட்டது. பாருங்கள், சேர்ப்பதற்குப் பாடுபட வேண்டியிருக்கவில்லை, பிரித்துவைக்கத்தான் வேண்டியிருந்தது.

2018 ஜூனில் அந்த விளையாட்டு நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிக்கு வந்தது. பிளேஸ்டேஷனோடு இணைத்த கணக்கை ஸ்விட்சில் திறக்கவே முடியவில்லை. சேர்த்துவைத்த உடைகள், ஆடி வென்றவை எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். ஆடுபவர்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 26 அன்று சோனி இறங்கிவந்து, ஃபோர்ட்நைட்டுக்குச் சோதனையாகக் கதவைத் திறந்தது. 2019 ஜனவரியில் ராக்கெட் லீகும் அந்தப் பக்கம் போனது.

கதவு திறந்தது சும்மா அல்ல. எபிக் கம்பெனி ஆப்பிள் மீது தொடுத்த வழக்கு 2021 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது சில ஆவணங்கள் வெளிப்பட்டன. பிளேஸ்டேஷனில் ஆடுபவர்கள் தங்கள் பணத்தை வேறு இடத்தில் மிகுதியாகச் செலவழித்தால், அந்த விளையாட்டின் தயாரிப்பாளர் சோனிக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். இப்படிக் கேட்டது சோனி ஒன்றுதான் என்று எபிக் தலைவர் டிம் ஸ்வீனி சாட்சியம் சொன்னார்.

இப்போது லண்டன் சிறுமியும் நியூயார்க் சிறுவனும் வெவ்வேறு பெட்டிகளில் இருந்தபடி பல விளையாட்டுகளை ஆடலாம். ஆனால் அவள் பெட்டியின் நண்பர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்க இயலாது. ஃபோர்ட்நைட் என்றால் எபிக் கணக்கு ஒன்று தொடங்கி, அதில்தான் ஒருவரையொருவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த கம்பெனியின் விளையாட்டுக்குப் போனால் அங்கே வேறொரு கணக்கு, வேறொரு பட்டியல்.