தோற்றம் மாறலாம், பொருள் மாறக் கூடாது

ஒரே மூலக் கோப்பிலிருந்து அச்சுக்கு ஒரு பிடிஎஃப், இணையத்துக்கு ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் என இரண்டையும் எடுத்துத் தரும் மென்பொருள்கள் பல உண்டு. பேண்டாக் அவற்றுள் பெயர்பெற்றது; லாடெக்கும் துணைக் கருவிகளோடு இதைச் செய்யும். கையேடுகளும் ஆய்வுக் கட்டுரைகளும் இவ்வழியில் தயாராகின்றன. ஆனால் ஒன்றில் தனித்துத் தெரியும் சொல் மற்றொன்றில் கூட்டத்தோடு கலந்துவிடுவதுண்டு. மென்பொருளைக் குறை சொல்லுமுன், நாம் அதற்கு என்ன சொல்லியிருக்கிறோம் என்று பார்ப்பது நல்லது.

தமிழிலேயே இதைக் காணலாம். ஒரு சொல்லைச் சாய்வெழுத்தில் இடச் சொல்கிறோம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவமே கிடையாது. லாடெக்கின் ஒரு வகையான ஸீலாடெக் அந்த வடிவத்தைத் தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் நேரெழுத்தையே இட்டு, பதிவுக் கோப்பில் ஓர் எச்சரிக்கையை எழுதிவைக்கும். உலாவியோ நேரெழுத்தைத் தானே சாய்த்துக் காட்டிவிடும். விளைவு, இணையத்தில் அழுத்தம் பெற்ற சொல் பிடிஎஃபில் அதை இழந்து நிற்கிறது. வண்ணத்தின் கதையும் இதுதான்: பேண்டாக்கில் ஹெச்டிஎம்எல் குறியாகச் சிவப்பு நிறம் கொடுத்தால், லாடெக் வழியாக வரும் பிடிஎஃபில் அது காணாமல் போகும்.

பிடிஎஃப், ஹெச்டிஎம்எல் இரண்டும் வேறு வேறு தேவைக்குப் பிறந்தவை. லாடெக்குக்கு அடிப்படையாக, டொனால்ட் கனூத் 1978இல் வெளியிட்ட டெக், அச்சுப் பக்கத்தின் அழகுக்காக உருவானது. ஒரு பத்தி முழுவதையும் எடைபோட்டே வரிகளைப் பிரிக்கும். அடோபி 1993இல் கொண்டுவந்த பிடிஎஃப், அப்படி அமைந்த பக்கத்தை எங்கே திறந்தாலும் மாறாமல் காட்டும். ஹெச்டிஎம்எல் பக்கமோ திரையின் அகலத்துக்கும் வாசகர் விரும்பும் எழுத்தளவுக்கும் வளைந்துகொடுக்கும். அதன் தோற்றத்தைத் தனியே எழுதிவைக்க 1996இல் சிஎஸ்எஸ் வந்தது. ஆகவே இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று கேட்பது பொருந்தாது. வாசகருக்குச் சேரும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பதே நியாயம்.

அதற்கு, ‘சிவப்பு’, ‘சாய்வு’ என்று எழுதுவதை விட்டு ‘எச்சரிக்கை’, ‘நூற்பெயர்’ என்று குறிக்கப் பழக வேண்டும். எச்சரிக்கை எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பிடிஎஃபுக்கு ஓரிடத்திலும் இணையத்துக்கு ஓரிடத்திலும் முடிவுசெய்தால் போதும். தமிழ் எழுத்துருவில் சாய்வு இல்லையென்றால் இரண்டிலும் தடித்த எழுத்தை வைத்துக்கொள்ளலாம். கவிதைக்கும் கணிதத்துக்கும் தோற்றமே பொருளாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான், அதனால்தான் கவிதையின் அடிகளை வெற்றிடம் விட்டுப் பிரிக்காமல், அடிகள் என்றே குறிக்க வேண்டும். இத்தனை சிரமம் எதற்கு, பிடிஎஃபையே இணையத்தில் போட்டுவிடலாமே என்பாரும் உண்டு. கைப்பேசியில் ஏ4 பக்கத்தை வரிக்கு வரி இழுத்துப் படிக்கும் பாட்டை வாசகர் தலையில் கட்டுவதே அதன் பலன். சிறு துண்டறிக்கைக்கு இந்த ஏற்பாடு மிகையாகத் தோன்றலாம். மீண்டும் மீண்டும் திருத்தி வெளியிடும் கையேட்டுக்கு இது கட்டாயம். மருந்தின் அளவு பற்றிய எச்சரிக்கை, தாளில் படிப்பவர் கண்ணிலும் திரையில் படிப்பவர் கண்ணிலும் ஒன்றுபோல் பட்டாக வேண்டும்.