மழைத்துளியும் கமராக் கண்ணும்

மழை பெய்தது என்று ஒருவர் கூறின், எவ்வளவு பெய்தது என்பதே கேட்போர் எழுப்பும் அடுத்த வினாவாகும். அவ்வினாவிற்கு விடையிறுக்கும் கருவி மழைமானி. கொரிய நாட்டிலே சேயோங் மன்னன் காலத்தில், 1440களிலேயே, அளவொத்த கலங்களை வைத்து மழையை அளந்தனர். கலத்தில் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு என்னும் கொள்கை இன்றளவும் மாறவில்லை.

ஆயினும், தமிழ் வழக்கு மழையை உயரத்தால் மட்டும் அறிந்ததன்று. சிறு துளியாய் விழுவது தூறல். காற்றினாற் சாய்ந்து வருவது சாரல். விடாது பெய்வது அடைமழை. மழை ஓய்ந்த பின்னும் ஓயாதது தூவானம். துளியின் பருமையையும் அது விழும் விதத்தையும் நோக்கிப் பிறந்த பெயர்கள் இவை. மழைமானிக்கோ இவையாவும் ஒன்றே. கலத்தில் விழுந்ததும் துளி தன் வடிவையும் வேகத்தையும் இழந்து வெறும் நீராகிவிடுகின்றது.

அவ்வாறு இழக்கப்படுவது அற்பமான செய்தியோ எனின், அன்று. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். அசைவற்ற காற்றில் 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளி செக்கனுக்கு ஏறத்தாழ 4 மீற்றர் வேகத்தில் விழும்; 3 மில்லிமீற்றர்த் துளி ஏறத்தாழ 8 மீற்றர் வேகத்தில் விழும். பெரிய துளி ஒன்றிலுள்ள நீர் சிறிய துளிகள் 27இல் உள்ள நீருக்குச் சமம். ஆகவே மழைமானி இரண்டையும் ஒன்றாகவே காட்டும். ஆனால் வேகம் இருமடங்காயின் தாக்கும் ஆற்றல் நான்மடங்காகும். அதே அளவு நீர் பெருந்துளியாய் விழும்போது நிலத்தை நான்கு மடங்கு வலிமையோடு அறைகின்றது. மண்துணிக்கைகள் சிதறுவதும், மேல்மண் அரிக்கப்பட்டு ஓடுவதும் இவ்வறையினால் தொடங்குகின்றன.

இனி, தொலைவிலுள்ள மழையை மதிப்பிடும் ராடரை நோக்குக. அது அனுப்பும் அலை துளிகளிற் பட்டுத் திரும்புகின்றது. திரும்பும் அலையின் வலிமை துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 3 மில்லிமீற்றர்த் துளி ஒன்று, 1 மில்லிமீற்றர்த் துளிகள் 729க்கு ஈடாக ராடருக்குத் தோன்றும். துளியின் பருமையை அறியாது ராடரை மட்டும் நம்பி வெள்ள எச்சரிக்கை விடுப்போர், மழையை மிகைப்படுத்தவும் கூடும், குறைத்துவிடவும் கூடும்.

இதனாலன்றோ அறிஞர் பலர் ஒற்றைத் துளியை அளக்க முயன்றனர்! அவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்து விவசாயியாகிய வில்சன் பென்ற்லி. 1885இல் நுணுக்குக்காட்டியோடு கமராவைப் பொருத்திப் பனிப்பளிங்குகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்றவர் இவர். பனி, விழுந்த பின்னும் தன் வடிவோடு சிறிது நேரம் கிடக்கும். மழைத்துளியோ விழுந்த கணத்தே சிதைந்துபோகும். ஆதலின் கமராவில் வல்ல அவரே துளியை அளக்கக் கோதுமை மாவை நாடினார். தட்டில் மாவைப் பரப்பிச் சில செக்கன் மழையிற் காட்டினார். துளிதோறும் ஒரு மாவுருண்டை திரண்டது. அளவு தெரிந்த துளிகளை மாவில் விழுத்தி, உருண்டைக்கும் துளிக்கும் உள்ள தொடர்பையும் கண்டறிந்தார். அவ்வாய்வு 1904இல் வெளியாயிற்று.

கனடாவில் மார்ஷல், பாமர் என்போர் சாயந் தோய்ந்த வடிதாளில் துளிகளை ஏற்றனர். சிறுதுளிகள் மிகப் பல என்பதையும், பருமை ஏற ஏற எண்ணிக்கை விரைந்து குறையும் என்பதையும், மழை கடுக்குந்தோறும் பெருந்துளிகளின் பங்கு கூடும் என்பதையும் 1948இல் ஒரு சூத்திரமாக்கினர். 1967இல் சுவிற்சர்லாந்தின் ஜோஸ், வால்ட்ஃபோகல் ஆகியோர், துளியின் மோதலை மின்துடிப்பாக மாற்றும் கருவியைச் செய்தனர். எனினும் இம்முறைகளில் ஒரு குறை எஞ்சியது. வேகம் இன்னதென்று முன்னரே ஏற்றுக்கொண்டே அக்கருவி பருமையைக் கணித்தது. மாவும் தாளும் வேகத்தைப் பற்றி யாதும் கூறவில்லை.

அக்குறையை நீக்கியது கமரா. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரிலுள்ள யோஆனியம் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கருவியில் இரு கமராக்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் நோக்குகின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒளி விளக்கு உண்டு. இரு பார்வைகளும் குறுக்கிடும் இடம் 10 சென்ரிமீற்றர்ச் சதுரம். அதனூடே துளி விழும்போது அதன் நிழலைச் செக்கனுக்குப் பல்லாயிரம் கீற்றுக்களாகக் கமராக்கள் பதிகின்றன. கீற்றுக்களை அடுக்கினால் துளியின் இரு பக்கத் தோற்றமும் கிடைக்கும். ஒரு கமராவின் தளம் மற்றதினும் சில மில்லிமீற்றர் தாழ்ந்துள்ளது. துளி அவ்விடைவெளியைக் கடக்கும் நேரமே வேகத்தைத் தருகின்றது. நாசா நிறுவனத்தின் வேறொரு கருவியோ செக்கனுக்கு 380 படங்கள் எடுக்கும் ஒற்றைக் கமராவினால் மழையையும் பனியையும் ஆராய்கின்றது.

கண்டது என்ன? நாம் கரும்பலகையில் வரையும் கூர்நுனித் துளி வானத்தில் இல்லை! சிறுதுளி உருண்டை, சற்றுப் பெருத்தது, காற்றின் எதிர்ப்பால் அடிப்பக்கம் தட்டையாகிப் பணிஸ் போன்ற வடிவு கொள்ளும். ஒஸ்திரியாவிலே 80 மீற்றர் உயரமுள்ள பாலத்திலிருந்து நீரைச் சொரிந்து, கீழே கமராக்களை வைத்து இத்தட்டையை அளந்தனர். 2005இல் அம்முடிவுகள் வெளிவந்தன. துளியின் அகலத்தையும் உயரத்தையும் இருவகை அலைகளால் வேறுபடுத்தும் இக்கால ராடருக்கு இவ்வளவுகளே உரைகல்லாகின்றன. 2014இல் விண்ணில் ஏவப்பட்ட உலக மழையளவீட்டுச் செய்மதியின் கணிப்புக்களைச் சரிபார்ப்பதற்கும் நிலத்திலுள்ள இத்தகைய கருவிகளே சான்று பகர்கின்றன.

கமராவும் குறையற்றதன்று. பெருமழையில் மேல் தளத்திற் கண்ட நிழலைக் கீழ்த் தளத்தில் வேறொரு துளியின் நிழலோடு பொருத்திவிட்டால் வேகம் பொய்யாகும். காற்று வீசுங்கால் கருவியின் உடலே சிறுதுளிகளை விலக்கிவிடும். மிக நுண்ணிய துளிகள் அதன் கண்ணுக்குத் தப்பும். ஆதலின் அறிஞர், மழைமானியையும் அருகில் வைத்து, இரண்டின் கூற்றையும் ஒப்புநோக்கியே முடிவு கூறுவர்.

அளவு என்பது தொகையை மட்டும் குறிப்பதன்று, தன்மையையும் குறிப்பதாகும். தூறலுக்கும் பெருமழைக்கும் வெவ்வேறு பெயரிட்டோர் கண்ணாலும் மேனியாலும் உணர்ந்த வேற்றுமையை, மழைமானி ஓர் எண்ணுள் அடக்கி மறைத்தது. கமரா அதனைத் துளிதுளியாக மீட்டுத் தருகின்றது. மாணவர்க்கு மழையைக் கற்பிக்கும் நாம், இத்தனை மில்லிமீற்றர் என்பதோடு நில்லாது, எத்தகைய துளி, எத்துணை விரைவு என்றும் வினவப் பழக்குதல் நன்று.