தெரிந்த வீடும் தெரியாத வீடும்

பிறர் கட்டிய வீட்டில் நாம் விருந்து வைக்கலாமா? வைக்கலாம் என்பதே என் கருத்து. ஓர் ஆசிரியர் படைத்த பாத்திரங்களை வாசகர் எடுத்துக்கொண்டு மேலும் கதை புனைவதை இந்நாளில் ‘ரசிகர் புனைவு’ என்கிறார்கள். பெயர்தான் புதிது, பழக்கம் பழையது. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதவில்லையா?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு நானும் இவ்வாறு இரண்டு கதைகள் எழுதினேன். அவை கற்பித்த பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதற்கதை பூங்குழலியைப் பற்றியது. சோழ அரசியாகிவிட்ட அந்த ஓடக்காரப் பெண், அலையோசை கேட்காத அரண்மனையில் உறக்கமின்றித் தவிக்கிறாள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல். 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்துவிட்டது. ஆகவே நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘கோடிக்கரை’ என்று எழுதியதுமே கலங்கரை விளக்கம் வாசகர் கண்முன் நின்றது. பாதி வேலையைக் கல்கியே செய்து வைத்திருந்தார்!

ஆனால் விடுதியில் பெரும் சண்டை மூண்டது. “பூங்குழலியாவது, விம்மி அழுவதாவது!” என்றார்கள். யோசித்துப் பார்த்தேன்; அவர்கள் சொன்னதே சரி. எல்லோரும் அறிந்த பாத்திரம் எல்லோருக்கும் சொந்தம். காரணமின்றி அதன் குணத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை. காரணத்தோடு மாற்றினாலோ, பலன் பெரிது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமாயணம் அறிந்தவர் நெஞ்சில்தான் அந்த அடி முழுமையாக விழும்.

இரண்டாவது கதைக்கு, ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையை எடுத்துக்கொண்டேன். 1893இல் தொடராக வரத் தொடங்கிய நாவல் அது. அப்போது ஆசிரியருக்கு வயது இருபத்தொன்றுதான், நம் வயது! ஆயினும் விடுதியில் அதைப் படித்தவர் எவருமில்லை. எனவே பிள்ளை யார், நாவல் எத்தகையது என்று இரண்டு பக்கம் விளக்கிவிட்டுக் கதையைத் தொடங்கினேன். படித்த நண்பர், “தம்பி, இது கதையா, முன்னுரையா?” என்றார்.

அவ்விரண்டு பக்கங்களையும் கிழித்தெறிந்தேன். வகுப்பில் ஒரு பையன் கொட்டாவி விடுகிறான். பண்டிதர் அந்தக் கொட்டாவிக்கும் ஒரு செய்யுள் சொல்லுகிறார் என்று புதிதாகத் தொடங்கினேன். விளக்கம் சொல்லாததைச் செயல் சொல்லிவிட்டது. தெரியாத வீட்டுக்கு விருந்தினரை அழைக்கும்போது வீட்டின் வரலாற்றை வாசலில் நின்று ஓதக்கூடாது. நேரே கூடத்துக்கு அழைத்துப்போக வேண்டும்.

இக்கதைக்குச் சண்டையும் இல்லை, பாராட்டும் இல்லை. மனம் சோர்ந்திருந்தேன். ஒரு வாரம் கழித்து, வடநாட்டிலேயே பிறந்து வளர்ந்து, எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் முதலாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். “அண்ணா, அந்தப் பண்டிதர் வருகிற புத்தகம் எங்கே கிடைக்கும்?” என்றாள். என் பிரதியையே கொடுத்துவிட்டேன்.

புகழ்பெற்ற நூலைத் தொட்டு எழுதினால் வாசகர் நமக்குக் கிடைப்பார். மறக்கப்பட்ட நூலைத் தொட்டு எழுதினால் அந்த நூலுக்கே வாசகர் கிடைப்பார். நண்பர்களே, முன்னது இரண்டு எழுதினால் பின்னது ஒன்றேனும் எழுதுங்கள்.

அந்தப் பிரதி இன்னும் திரும்பி வரவில்லை. போன மாதம் கேட்டதற்கு, “அவசரப்படுத்தாதீர்கள் அண்ணா, பாதிதான் ஆகியிருக்கிறது” என்றாள். நானும் பிறகு கேட்கவில்லை.