நெஞ்சில் கோத்த நீர்: பழைய சோதனை ஏன் இன்னும் தேவை?

நிமோனியாவில் நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது சகஜம். பெரும்பாலும் மருந்திலேயே வற்றிவிடும். சிலருக்கு மட்டும் கிருமி அந்த நீருக்குள்ளேயே புகுந்து பெருகும். அவர்களுக்குக் குழாய் போட்டு வடித்தாக வேண்டும். ஊசியில் சீழ் வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. தெளிந்த மஞ்சள் நீர் வந்தால்தான் தலைவலி. கல்ச்சர் முடிவுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும் தொற்று உள்ள பலருக்குக் கிருமி வளர்வதே இல்லை. அதனால்தான் கிருமியை விட்டுவிட்டு அது ஏற்படுத்தும் மாற்றங்களைத் தேடும் பயோமார்க்கர்களுக்கு இத்தனை மவுசு. சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் மருத்துவருக்கு வேண்டிய பதில் 'தொற்று உண்டா' என்பது மட்டுமல்ல, 'குழாய் போடலாமா' என்பது. அதற்கு நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பழைய பி.ஹெச். அளவே இன்னும் முன்னால் நிற்கிறது.

காரணம் எளிது. கிருமிகளும் அவற்றோடு போராடும் வெள்ளணுக்களும் நீரிலுள்ள குளுக்கோஸைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. பி.ஹெச். 7.2 அல்லது அதற்குக் கீழே போனால் வடிக்கச் சொல்கிறது பிரிட்டிஷ் மார்பு நோய்ச் சங்கத்தின் 2023 வழிகாட்டி. பி.ஹெச். பார்க்கும் கருவி இல்லாத ஊரில் என்ன செய்வது என்று கேட்கலாம். குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அது எந்த ஆய்வகத்திலும் முடியும். சிரிஞ்சில் மரப்பு மருந்து மிச்சமிருந்தால் பி.ஹெச். பொய்யாக இறங்கும், காற்று புகுந்தால் ஏறும். முடக்குவாதத்திலும் புற்றுநோயிலும்கூட இந்த அளவுகள் குறையும். எனவே காய்ச்சலையும் ஸ்கேனையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

புதியவை எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. சூபார் என்ற புரதம் குழாயின் தேவையை பி.ஹெச்.சைவிட நன்றாகக் கணித்ததாக 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதில் இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. அதை வைத்து நடைமுறையை மாற்றுவது அவசரம். நம் நாட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து, காசநோய்க்காகப் பார்க்கும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவில் இருக்கிறது. லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டினால் காசநோய் என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. பாக்டீரியாச் சீழிலும் அது எகிறும். நீரில் மிகுந்திருக்கும் வெள்ளணுக்கள் காசநோயைக் காட்டும் லிம்போசைட்டா, பாக்டீரியாவைக் காட்டும் நியூட்ரோஃபிலா என்று எண்ணிப் பார்க்காவிட்டால், உள்ளே சீழ் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்க, நோயாளி ஆறு மாதக் காசநோய் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார்.